ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்த்தல்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்துவரும் தாய் நான். தெரபி மையங்களின் வாசலிலும், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வரிசையிலும் மற்ற பெற்றோர் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள் என்பதால், எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதோ, ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதோ இதில் இராது. சட்டம், அரசு உதவி பற்றிய பகுதிகள் தமிழ்நாட்டில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

1. பையனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லை. "அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான், பொறு" என்கிறார் மாமியார். பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். தாமதமாகப் பேசுகிற குழந்தைகள் எல்லாருக்கும் ஆட்டிசம் இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தைக்குத் தானாகப் பேச்சு வரும், எதற்கு வராது என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்லிவிட முடியாது. பேச்சோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை சில உண்டு: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, வானத்தில் போகும் விமானத்தை உங்களுக்குக் காட்டிவிட்டு நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, டாட்டா காட்டுவதையும் கை தட்டுவதையும் பார்த்துச் செய்கிறானா? பேச்சு வராவிட்டாலும் சைகையாலும் பார்வையாலும் ஓயாமல் எதையாவது தெரிவித்துக்கொண்டே இருக்கும் குழந்தையைப் பற்றிய கவலை சற்றுக் குறைவு. தண்ணீர் வேண்டும் என்றால் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமலே நிற்கும் குழந்தையைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். வந்த சொற்கள் நின்றுபோனால் அது இன்னும் அவசரமானது.

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. குழந்தைநல மருத்துவரிடம் கேட்டால் தருவார். அது அடுத்த சோதனை தேவையா என்பதை மட்டுமே சொல்லும். மாமியாருக்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு: சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் இழப்பது ஒரு நாள்தான்.

2. பாட்டுப் போட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறான். பிறகு எதற்குக் காதுப் பரிசோதனை?

சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத குழந்தையும் பாட்டுக்கு ஓடி வரும். பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள் கேட்காவிட்டால் சொற்கள் பிடிபடா. ஆகவே பேச்சுத் தாமதம் என்றாலே முதலில் செவித்திறனை உறுதி செய்துகொள்வது வழக்கம். குழந்தை தூங்கும்போதே செய்துவிடக்கூடிய, ஒலி மூளைக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் பேரா சோதனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உண்டு.

3. எந்த டாக்டரிடம் போவது? ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாதா?

தெரியாது. ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதுவரை இல்லை. குழந்தை எப்படி விளையாடுகிறது, எப்படித் தெரிவிக்கிறது, எதில் பிடிவாதம் காட்டுகிறது என்பதைப் பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்தும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும்தான் முடிவுக்கு வருகிறார்கள். மரபணுச் சோதனையோ, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி-யோ எழுதிக் கொடுத்தால், அது வலிப்பு போன்ற உடன்வரும் சிக்கல்களைத் தேடுவதற்காக இருக்கும். குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) ஆகியோர் இதைச் செய்பவர்கள். கட்டணம் செலுத்த இயலாதவர்கள் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குச் செல்லலாம், "டி.இ.ஐ.சி." என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சென்னைக்கு அருகில் உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

இந்தியாவில் 'இசா' எனப்படும் ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். இறுதி அறிக்கை வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பேச்சும் விளையாட்டும் பின்தங்கியிருக்கின்றன என்று தெரிந்தாலே, பெயர் என்னவாக இருந்தாலும், தொடங்கிவிடலாம்.

4. நான் வேலைக்குப் போனதாலா? செல்போனைக் கொடுத்ததாலா? தடுப்பூசியாலா? உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்றாலும் இல்லை. தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேலை நாட்டு மருத்துவர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒரு தலைமுறைத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பிறகுதான் அது கைவிடப்பட்டது. நம் வீடுகளில் அதே பழி வேறு உருவத்தில் இன்றும் தாயின் தலையில்தான் விழுகிறது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. அதில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. அதன் தொடக்கம் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது.

தடுப்பூசி பற்றிய அச்சம் 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான, வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. அதை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் முறைகேடுகள் வெளிப்பட்டு, 2010-இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் ஆட்டிசம் அதிகமாகக் காணப்படவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் வயதும் அந்த ஊசி போடும் வயதும் அருகருகே இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்றாலும், ஆட்கள் முகம் பார்த்துப் பழகும் நேரத்தை அது தின்றுவிடுகிறது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைகளுக்கும் கூறும் அறிவுரை.

5. இது எப்போது குணமாகும்? மாத்திரை ஏதும் இல்லையா?

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. அது வாழ்நாள் முழுவதும் உடன் இருக்கும். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தை கற்றுக்கொள்ளாது என்று அதற்குப் பொருள் இல்லை. சிலர் படித்துப் பட்டம் பெற்றுத் தனியே வாழ்கிறார்கள். சிலருக்கு நாற்பது வயதிலும் குளிப்பதற்குத் துணை வேண்டும். மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து அது எந்தப் பக்கம் போகும் என்று உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

மருந்துகள் தரப்படுவது உடன்வரும் தொல்லைகளுக்கு. வலிப்பு, தூக்கமின்மை, அதீதத் துறுதுறுப்பு, தன்னைத்தானே கடிப்பது, தலையை இடித்துக்கொள்வது ஆகியவற்றுக்கு மருத்துவர் பரிந்துரைக்கலாம். ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் என்ற இரண்டையும் கடும் எரிச்சலுக்காகவும் ஆக்ரோஷத்துக்காகவும் கொடுப்பதுண்டு. இவற்றால் எடை கூடுவதுண்டு என்பதால் கண்காணிப்பு தேவை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நான் ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: குழந்தையின் ஒரு நாள் முன்பைவிட எளிதாக நகர்கிறதா? தூங்குகிறதா, உண்கிறதா, வேண்டியதைக் கேட்கிறதா, வெளியே போய் வர முடிகிறதா? குழந்தை மந்தமாகி ஒரு மூலையில் கிடப்பதால் வீடு அமைதியாக இருப்பது முன்னேற்றம் ஆகாது. இந்த அளவுகோல் கீழே வேறு சில பதில்களிலும் வரும்.

6. ஸ்டெம் செல் போட்டால் சரியாகும் என்கிறார்கள், நிலத்தை விற்கக்கூடத் தயாராக இருக்கிறோம். கோதுமை, பால் நிறுத்தச் சொல்கிறார்களே, அது?

நிலத்தை விற்காதீர்கள். குருத்தணுக்களை உடலில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்றும், அதை வழங்குவதும் விளம்பரப்படுத்துவதும் தொழில்முறை ஒழுங்கீனம் என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் தெரிவித்தது. ஆய்வு நிலையில் உள்ள ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம் கேட்பதே சந்தேகத்துக்கு உரியது. உடலிலிருந்து உலோக நஞ்சை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் இன்னும் ஆபத்தானது. 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதனால் இறந்தான்.

கோதுமையையும் பாலையும் நிறுத்துவதால் ஆட்டிசம் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அரிசி உண்ணும் நமக்குக் கோதுமையை விடுவது பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் ஏற்கெனவே நான்கைந்து உணவுகளையே தொடும் குழந்தையிடமிருந்து பாலையும் தயிரையும் பறித்துவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்கும் புரதத்துக்கும் எங்கே போவது? பால் குடித்தால் வயிறு கெடுகிறது என்றால் அது தனிச் சிக்கல், மருத்துவரிடம் காட்டுங்கள். கோயிலுக்கு வேண்டிக்கொள்வதையும் மந்திரித்துக் கயிறு கட்டுவதையும் நான் தடுப்பதில்லை. தெரபிக்குரிய பணத்தையும் நாளையும் அவை எடுத்துக்கொள்ளும்போது மட்டும் குறுக்கிடுவேன்.

7. ஒரு மையத்தில் வாரம் ஐந்து நாள் வரச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஆறே மாதத்தில் பேச வைப்போம் என்கிறார்கள். எதில் சேர்ப்பது?

இரண்டாவதில் சேர்க்காதீர்கள். ஆறு மாதக் கெடுவோடு யாரும் உறுதிமொழி தர முடியாது. முதலாவதைப் பற்றிச் சில கேள்விகள் கேளுங்கள். பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட்டா, ஸ்பெஷல் எஜுகேட்டரா? உள்ளே என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்க்கலாமா? அடுத்த மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று எழுதித் தருவார்களா? வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவார்களா? கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோர் உள்ளே வந்தால் குழந்தை கெட்டுவிடும் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குழந்தை அழுது அடங்கட்டும் என்று கையைக் காலைப் பிடித்து அமுக்குவதோ அடிப்பதோ எந்தப் பெயரில் நடந்தாலும் அது தெரபி ஆகாது.

எத்தனை மணி நேரம் என்பதைவிட, மையத்தில் கற்றது வீட்டில் தென்படுகிறதா என்பது முக்கியம். அட்டையில் உள்ள ஆப்பிளைக் காட்டி 'ஆப்பிள்' என்று சொல்லும் குழந்தைக்கு, பசிக்கும்போது பழம் கேட்கத் தெரியாவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது.

8. எங்கள் ஊரில் தெரபி மையமே இல்லை. வீட்டில் நானே என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். மையத்துக்குப் போகிறவர்களும் செய்தாக வேண்டும், ஏனென்றால் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் மிகச் சிறிய பங்குதான் தெரபியில் கழிகிறது. குளிப்பது, உண்பது, உடுத்துவது, துணி மடிப்பது, கடைக்குப் போவது என்று வீட்டில் ஏற்கெனவே நடப்பவற்றுக்குள்ளேயே பயிற்சியைப் புகுத்துங்கள். தனியாக மேசை போட்டு உட்கார வைக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைக்குப் பிடித்த முறுக்கை அதன் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அது பார்க்கும்போது, எதுவும் பேசாமல், கேள்வி கேட்காமல், மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். ஒரு பார்வை, ஒரு சைகை, ஓர் ஒலி எது வந்தாலும் அதைக் கேட்டதாக ஏற்றுக்கொண்டு, 'முறுக்கு' என்று ஒரே சொல்லைச் சொல்லி உடனே கொடுங்கள். அந்தக் காத்திருப்புதான் பெற்றோருக்கு மிகக் கடினம். கேட்பதற்கு முன்பே கொடுத்துப் பழகிய கை நமக்கு.

பெரிய வேலைகளைத் துண்டுகளாக்கிப் பின்னாலிருந்து கற்பிப்பது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. சட்டை போடுவதில் எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் குழந்தை போடட்டும். வேலை முடிந்த நிறைவு அதற்குக் கிடைக்கிறது. அது கைவந்த பின் கடைசி இரண்டு பொத்தான்கள், பிறகு மூன்று. கழிவறைப் பயிற்சியும் இப்படியே: உண்டு முடித்த சிறிது நேரத்தில் உட்கார வைப்பது, ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே வரிசை. தப்பிவிட்டால் திட்டு வேண்டாம்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் இந்தக் குழந்தைகளுக்குப் பெரும் அச்சம். உங்கள் வீட்டுக் குளியலறை, தட்டு, செருப்பு, பள்ளி வேன் இவற்றைச் செல்போனில் படம் எடுத்து அச்சிட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடச் செய்யுங்கள். மூன்று படத்தில் தொடங்கினால் போதும். தாத்தா பாட்டிக்கும் இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் காத்திருக்க, மற்றவர் கேட்காமலே ஊட்டிவிட்டால் குழந்தை யாரிடம் கற்கும்?

9. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். இரண்டு மொழி குழப்பும் என்று தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். இரு மொழிச் சூழலில் வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சைப் பின்னுக்கு இழுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியும் பக்கத்து வீட்டாரும் பேசும் மொழியை நிறுத்தினால், குழந்தை பழகக்கூடிய மனிதர்கள்தான் குறைவார்கள். பெற்றோரும் தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் 'கம்', 'சிட்', 'ஈட்' என்று கட்டளையிடுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

10. படம் காட்டிக் கேட்கப் பழக்கச் சொல்கிறார் தெரபிஸ்ட். அதற்குப் பழகிவிட்டால் வாய் திறக்கவே மாட்டாளே?

இந்த அச்சம் எல்லாருக்கும் வருகிறது. ஆனால் படம், சைகை, டேப்லெட் வழியாகத் தெரிவிக்கப் பழகிய குழந்தைகளின் பேச்சு அதனால் குறைவதில்லை என்றும், சிலருக்குக் கூடவே செய்கிறது என்றும்தான் தெரிய வந்திருக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும். எட்டாம் பதிலில் சொன்ன முறுக்கு உத்தியின் அடுத்த படி இது. அட்டையில் ஒட்டிய படங்களோடு தொடங்கலாம். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலும் பேசும். குழந்தை எந்த வழியில் தெரிவித்தாலும் அது பேச்சுத்தான். பேச்சு வரவே வராத பிள்ளைக்கும் 'வயிறு வலிக்கிறது', 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வழி இருந்தே ஆக வேண்டும்.

11. கையை உதறுகிறான், சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான். பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நிறுத்த வைக்க வேண்டாமா?

அதனால் யாருக்குத் தொல்லை என்று முதலில் பாருங்கள். மகிழ்ச்சியிலும் பதற்றத்திலும் கையை உதறுவது அந்தக் குழந்தை தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. பார்ப்பவர்களின் கூச்சத்துக்காக அதை அடக்கினால், அதே பதற்றம் வேறு இடத்தில், பெரும்பாலும் இன்னும் மோசமாக வெளிப்படும். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, நாள் முழுவதும் அதிலேயே மூழ்கி வேறெதற்கும் வராவிட்டாலோ மட்டும் தலையிட வேண்டும். அப்போதும் ஊஞ்சல், மெல்லத் தக்க ரப்பர் வளையம் என்று மாற்று ஒன்றைத் தர வேண்டும். அன்றாடச் செயல்களிலும் புலன் சிக்கல்களிலும் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் உதவி இங்கே பெரிதும் பயன்படும்.

12. கடைத்தெருவில் தரையில் விழுந்து கத்துகிறான். இரண்டு போட்டால் அடங்கிவிடுவான் என்கிறார்கள். அது அடம்தானே?

சில நேரம் அடமாகவும் இருக்கும். அடம்பிடிக்கும் குழந்தை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டதைக் கொடுத்தால் நிறுத்தும். இன்னொரு வகை உண்டு. ஒலியும் வெளிச்சமும் கூட்டமும் தாங்கும் அளவைத் தாண்டியதும் குழந்தை உடைந்துபோகிறது. கேட்டது கிடைத்தாலும் அழுகை நிற்பதில்லை. தெரபிஸ்டுகள் மெல்ட்டவுன் என்று சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் அறிவுரையும் அடியும் காதில் விழுவதில்லை. குறைவாகப் பேசி, அமைதியான இடத்துக்கு நகர்த்தி, தலை எதிலும் இடிபடாமல் பார்த்துக்கொண்டு, அருகில் இருங்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை உடன் வந்த வேறொருவரிடம் விடுங்கள்.

பிறகு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது உண்டான், இரவு தூங்கினானா. சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தெரியவரும். பேசாத குழந்தை திடீரென்று கடிக்கவோ அடிக்கவோ தொடங்கினால் முதலில் வலியைத் தேடுங்கள். சொத்தைப் பல், காதுச் சீழ், மலச்சிக்கல் இம்மூன்றும் 'நடத்தைக் கோளாறு' என்ற பெயரில் மறைந்துகொள்வதுண்டு.

13. மொட்டை போட வேண்டும், தங்கை கல்யாணம் வருகிறது, தீபாவளி வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

மொட்டை அவ்வளவு அவசரமா என்று குடும்பத்தோடு பேசிப் பாருங்கள். குலதெய்வம் ஓராண்டு பொறுக்கும். போடத்தான் வேண்டும் என்றால், முன்னதாகவே தலையைத் தொட்டு நனைத்துப் பழக்கி, முடி இறக்கும் காணொளியைக் காட்டி, கூட்டமில்லாத நாளில், குழந்தை மடியில் இருக்கும்படி செய்யலாம். முடிவெட்டுக் கடையில் மின் இயந்திரத்தின் ஒலியே பலருக்குத் தொல்லை. கத்தரி போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தை முன்பே தெரிந்துகொண்டு அப்போது வெளியே அழைத்துச் சென்றுவிடலாம். ஓர் அறைச் சாவியை முதலிலேயே வாங்கி வையுங்கள். ஆடி மாதத்து ஒலிபெருக்கிக்கும் தீபாவளி வெடிக்கும் காதை மூடும் ஹெட்போன் உதவும். அதைத் திருவிழாவன்று முதன்முதலாக மாட்டக் கூடாது, முன்பே வீட்டில் பழக்க வேண்டும்.

14. வெள்ளைச் சோறும் அப்பளமும் தவிர எதையும் தொடுவதில்லை. பட்டினி போட்டால் சாப்பிடுவான் என்கிறார்கள்.

மற்றக் குழந்தைகளுக்கு ஒருவேளை பலிக்கலாம். இவர்களில் சிலர் உண்மையாகவே பட்டினி கிடந்துவிடுவார்கள். உணவின் நிறம், மணம், வாயில் படும் பதம் ஆகியவை அவர்களுக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மையாக உறைக்கின்றன. புதிய உணவை முதலில் தட்டின் ஓரத்தில் இருக்கச் செய்யுங்கள், பிறகு தொடுவது, முகர்வது, நாக்கில் வைப்பது என்று படிப்படியாகப் போங்கள். அப்பளம் பிடிக்கும் என்றால் மொறுமொறுப்பான வேறொன்றை, மெல்லிய தோசையை முறுகலாகச் சுட்டு, வையுங்கள். எடை குறைந்தாலோ வெளிறிப்போனாலோ ரத்தசோகைக்குச் சோதிக்க வேண்டும். விலக்கு உணவு பற்றி ஆறாம் பதிலில் சொன்னதை இங்கும் நினைவில் கொள்ளுங்கள்.

15. கதவு திறந்தால் ஓடிவிடுகிறாள். ஒரு முறை கண்மாய்க் கரை வரை போய்விட்டாள்.

இதற்கு எல்லாப் பயிற்சியைவிடவும் முதலிடம் கொடுங்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தண்ணீர் மீது தீராத ஈர்ப்பு உண்டு. இப்படி ஓடிப்போய் இறக்கும் குழந்தைகளின் சாவுக்கு முதன்மையான காரணம் நீரில் மூழ்குவதுதான். குழந்தையைக் காணோம் என்றால் தெருவில் தேடுவதற்கு முன் கிணறு, தொட்டி, குளம், கண்மாய் ஆகியவற்றுக்கு ஆள் அனுப்புங்கள். கதவின் மேல்பக்கத்தில் தாழ்ப்பாள், கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி, கையில் தொலைபேசி எண் பொறித்த வளையம் ஆகியவை உடனே செய்யத்தக்கவை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் குழந்தையை அறிமுகப்படுத்துங்கள். மறைத்து வளர்க்கும் குழந்தையை யாரும் அடையாளம் கண்டு கொண்டுவந்து விட முடியாது. அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. வாய்ப்பிருந்தால் நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

16. சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? ஒரு பள்ளியில் "உங்கள் பிள்ளைக்கு இங்கே சரிப்படாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கோரிக்கையிலேயே பல பள்ளிகளின் குரல் மாறிவிடும். மாறாவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம்.

எது நல்லது என்பதற்கு ஐந்தாம் பதிலில் சொன்ன அளவுகோலையே இங்கும் வைக்கிறேன். வகுப்பின் கடைசிப் பெஞ்சில் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தை சாதாரணப் பள்ளியில் இருந்தும் பயனில்லை. பேசவும் படிக்கவும் தொடங்கிவிட்ட குழந்தையைப் பழக்கம் கருதிச் சிறப்புப் பள்ளியிலேயே வைத்திருப்பதும் சரியில்லை. வகுப்பில் குழந்தையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் வேண்டும் என்று பள்ளி சொன்னால், எவ்வளவு காலத்துக்கு, எதற்காக என்று கேளுங்கள். அவர் குழந்தைக்கு மெல்ல மெல்லத் தேவைப்படாதவராக ஆக வேண்டும். குழந்தைக்கும் வகுப்பாசிரியருக்கும் இடையே சுவராகிவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆசிரியரிடம் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: குழந்தைக்கு எது பிடிக்கும், எது அச்சுறுத்தும், எப்படிக் கேட்கும், உடைந்துபோனால் என்ன செய்ய வேண்டும்.

பொதுத் தேர்வில் மொழிப்பாட விலக்கு, எழுதுபவர் உதவி, கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. விண்ணப்பத்தைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். அந்த வேகம் தாங்காதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில், ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம்.

17. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் வாழ்நாள் முழுவதும் முத்திரை குத்தியதாகிவிடாதா?

சான்றிதழ் உங்கள் அலமாரியில் இருக்கும்; வேண்டிய இடத்தில் மட்டும் காட்டலாம். அது இல்லாமல் மேலே சொன்ன தேர்வுச் சலுகை இல்லை, மாநில அரசின் உதவிகள் இல்லை, வருமான வரிக் கழிவு இல்லை, மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் இல்லை. நிராமயா ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருவது. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. தெரபிச் செலவில் ஒரு பகுதியையும் திரும்பப் பெறலாம். இதை இன்னும் அறியாத பெற்றோர் ஏராளம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தேசிய அடையாள அட்டைக்கும் நாடு முழுவதும் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டைக்கும் விண்ணப்பிக்கும்போதே மற்றவற்றையும் கேட்டுவிடுங்கள்.

18. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? அதற்கும் வருமா?

மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குறிப்பான மரபணுக் காரணம் கண்டறியப்பட்ட குடும்பங்களில் கணக்கு வேறாக இருக்கும் என்பதால் மரபணு ஆலோசகரிடம் பேசுவது நல்லது. "அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி வேண்டும்" என்பதற்காக மட்டும் பெற்றுக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். பிறக்கும் முன்பே ஒருவர் தோளில் ஏற்றிவைக்கும் சுமை அது. ஏற்கெனவே உடன்பிறப்பு இருந்தால், வாரத்தில் சில மணி நேரமாவது அந்தக் குழந்தைக்கென்று மட்டும் ஒதுக்குங்கள்.

19. மகள் வயதுக்கு வரப்போகிறாள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

முன்கூட்டியே, படங்களோடு, எளிய சொற்களில். நாப்கினை உள்ளாடையில் ஒட்டிப் பழகுவதை மாதவிடாய் தொடங்கும் முன்பே, சில மணி நேரம் அணிய வைத்துப் பயிற்றுவியுங்கள். புதிய பொருள் உடலில் ஒட்டிக்கொண்டிருப்பதே பலருக்கு முதல் அதிர்ச்சி. சிவப்புச் சாயம் தொட்டுக் காட்டி, எப்போது மாற்றுவது, எங்கே சுருட்டிப் போடுவது என்பதை எட்டாம் பதிலில் சொன்னபடி துண்டுகளாகக் கற்பிக்கலாம்.

ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு: எந்தச் செயல் தன் அறைக்குள், எது எல்லார் முன்னும். ஐந்து வயதில் எல்லார் மடியிலும் உட்கார விட்டுவிட்டுப் பதினைந்தில் கூடாது என்றால் அவர்களுக்குப் புரியாது. யார் தொடலாம், எங்கே தொடக் கூடாது, 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது என்பவற்றைச் சொல்லிக்கொடுங்கள். சொன்னபடியெல்லாம் கேட்கும் குழந்தை என்று நாம் பெருமைப்படும் இயல்பைத்தான் தீயவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, மாற்றுத்திறன் உள்ள குழந்தை மீதான குற்றத்தை இன்னும் கடுமையாகவே பார்க்கிறது.

20. எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்கிறேன். வீட்டுக்காரர் ஒதுங்கிவிட்டார். சில நாள் செத்துவிடலாம் போலிருக்கிறது.

அப்படித் தோன்றினால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இது உங்கள் பலவீனம் அன்று. தூக்கமில்லாத ஆண்டுகள் எவரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தும். வீட்டுக்காரருக்கு 'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, இரவுக் குளியலும் ஞாயிறு காலையும் உங்களுடையவை என்று வரையறுத்து ஒப்படைத்து, அவர் செய்யும்போது குறுக்கே போகாமல் இருங்கள். ஒதுங்கும் தந்தையரில் பலர் எதைச் செய்வது என்று தெரியாமலும், அவமானத்தை வெளியில் சொல்ல முடியாமலும் ஒதுங்குகிறார்கள். தெரபி மையத்துக்கு மாதம் ஒருமுறையாவது அவரையே அனுப்பிப் பாருங்கள். எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன்.

21. எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

18 வயது முடிந்ததும் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆவதில்லை. தன் முடிவுகளைத் தானே எடுக்கக்கூடியவர்களுக்குக் காப்பாளர் தேவையில்லை. தேவைப்படுவோருக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று பெறலாம். வங்கிக் கணக்கு தொடங்கவும் இது பயன்படும். பெற்றோரில் ஒருவர் மத்திய அரசு ஊழியர் என்றால், தானாக ஈட்ட இயலாத பிள்ளைக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஆவணங்களில் சேர்த்துவிட வேண்டும். சொத்தை உடன்பிறப்பின் பெயரில் எழுதிவைத்து 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று வாய்மொழியாக விடுவதைவிட, வழக்கறிஞரின் துணையோடு உயிலோ தனியார் அறக்கட்டளையோ ஏற்படுத்துவது பாதுகாப்பானது.

பணத்துக்கு இணையாக வேண்டிய இன்னொரு ஆவணம் உண்டு. பிள்ளை எத்தனை மணிக்கு எழுவான், எந்தச் சோப்பு ஒத்துக்கொள்ளாது, வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவான், எந்த மருந்து எவ்வளவு, எந்த மருத்துவர், எந்தப் பாட்டுப் போட்டால் அடங்குவான் என்று நமக்கு மட்டுமே தெரிந்தவற்றை எழுதி, நம்பிக்கைக்குரிய இருவரிடம் படி கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கொருமுறை, யூ.டி.ஐ.டி. அட்டையும் காப்பீடும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறதா என்று பார்க்கும் நாளிலேயே, இதையும் எடுத்துத் திருத்திவிடலாம்.